இதுல உன் கை எது?

லாஸ்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஹெலிபேட் மைதானத்தில் நாலு ரவுண்டு நடை, வரும் வழியில் ஒரு டீ, அப்புறம் வீட்டு வாசலில் பேப்பர். போன மாதம் ஒரு ஞாயிறு, பேப்பரில் இரண்டாம் பக்கம்கூடத் திருப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அங்கிள், பத்து நிமிஷம் டைம் இருக்கா? போர்ட்ஃபோலியோ ரெடி பண்ணிட்டேன். நீங்க பார்த்து ஓகே சொன்னா அனுப்பிடுவேன்."

டிசைன் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவள். நான் முப்பது வருஷம் அச்சுத் தொழிலிலும் விளம்பரத் தொழிலிலும் குப்பை கொட்டியவன் என்பதால் என்மேல் ஒரு நம்பிக்கை. போர்ட்ஃபோலியோ என்பது, டிசைனர்கள் வேலை கேட்டுப் போகும்போது எடுத்துப்போகிற தொகுப்பு. 'இதெல்லாம் நான் செய்தது, பாருங்கள்' என்று காட்டுவது. எங்கள் காலத்தில் அது ஒரு கறுப்பு ரெக்சின் ஃபைல். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவோம், மழை வந்தால் சட்டைக்குள் போகும். இப்போது அது ஒரு வெப்சைட். லிங்க்கை அனுப்பினால் போதும். பெங்களூரில் ஒருவர் டீ குடித்துக்கொண்டே தன் போனில் பார்த்துவிடுவார்.

பார்த்தேன். அழகாக இருந்தது. 23 வேலைகள். லோகோ, புத்தக அட்டை, மொபைல் ஆப் திரைகள், ஒரு சோப்பு டப்பா. நடுவில் ஒரு படம் என்னை நிறுத்தியது. புதுச்சேரியின் வரைபடம். ஒரு காபிக் கடைக்காகச் செய்தது. மஞ்சள் சுவர்கள், தெருக்கள், தெரு முழுக்க மரங்கள், மரங்களுக்கு நடுவே தமிழில் தெருப் பெயர்கள். கீழே சின்னதாக ஒரு வரி: 'கருத்தும் வடிவமைப்பும் நான்.'

"பிரமாதம்மா. எழுத்துகூட நீயா எழுதினே?"

"இல்ல அங்கிள், எழுத்து என் ஃப்ரெண்ட். லே-அவுட் எங்க சீனியர் ஒருத்தர் பண்ணாரு."

"அப்ப இதுல உன் கை எது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "எல்லாரும் இப்படித்தான் அங்கிள் போடறாங்க. அவனும் அவன் சைட்ல இதைப் போட்டிருக்கான். என் பேர் இல்லாமதான். நானும் பொய் சொல்லலையே? இதுல நான் இருந்தேன்ல? ஒருத்தர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்க மாட்டாங்க. அந்த ஒரு நிமிஷத்துல 'மரம் மட்டும் நான் வரைஞ்சது'ன்னு போட்டா யாரு வேலை குடுப்பா?"

சிரித்துவிட்டுத் தள்ளிவிட முடியாத வாதம் இது. இல்லாத டிகிரியை இருப்பதாகச் சொல்லவில்லை அவள். செய்த வேலையைத்தான் செய்தேன் என்கிறாள். கூட இருந்தவர்களைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லாமல் விடுவது பொய்யா? வேலை இல்லாத 22 வயதுப் பெண்ணிடம் பென்ஷன் வாங்குகிற ஆள் ஒருவர் உட்கார்ந்து நேர்மை பேசுவது சுலபம். வீட்டு வாடகை என் பிரச்னை இல்லையே.

ஆனால், அன்றைக்கு நான் பதில் சொல்லத் தயங்கியதற்குக் காரணம் அது இல்லை. வேறு ஒன்று.

அச்சகங்களுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த புதிது. புதுச்சேரியில் ஒரு அச்சகத்தில் சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் 'மாஸ்டர்' என்போம். பிரஷ்ஷால் எழுத்து எழுதுகிறவர். கடை பேர், கல்யாணப் பத்திரிகைத் தலைப்பு, நோட்டீஸ், எதுவானாலும் ஒரு வெள்ளை அட்டை, ஒரு பாட்டில் இந்தியன் இங்க், பீடி ஒன்று. 'ழ'கரம் எழுதினால் அந்தக் கொம்பு தானாக வளைந்து நிற்கிற மாதிரி இருக்கும். அவர் எழுதித் தருவதை நான் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கலர் போட்டு, படத்தோடு சேர்ப்பேன். மூன்று வருஷம்.

பிறகு சென்னையில் ஒரு விளம்பர கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். ரெக்சின் ஃபைலைத் திறந்தேன். அவர்கள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தில் நின்றார்கள். "தமிழ் லெட்டரிங் ரொம்ப நல்லா இருக்கே!" நான் "தேங்க்ஸ் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொல்லவே இல்லை. நன்றிதான் சொன்னேன்.

வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே, "அதே மாதிரி ஒரு எட்டு தலைப்பு எழுதிக்கொடுங்க" என்றார்கள்.

சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்துப் புதுச்சேரி வந்தேன். மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து எட்டையும் எழுதினார். மை காயட்டும் என்று வெயிலில் வைத்தார். கிளம்பும்போதுதான் கேட்டார்: "இன்டர்வியூ ஃபைல்ல நம்ம எழுத்தும் போச்சாப்பா?"

"போச்சு மாஸ்டர்."

"நல்லது. நம்ம எழுத்து மெட்ராஸ் போயிடுச்சு."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். சந்தோஷப்பட்டார். அதுதான் இன்றைக்கும் இறங்காமல் தொண்டையில் நிற்கிறது.

இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். "பார்த்தீங்களா, மாட்டிக்கிட்டீங்க. அதான் பிரச்னை" என்றாள். அது ஒரு பாடம்தான். செய்யத் தெரியாததைக் காட்டி வேலை வாங்கினால், தினம் அதைச் செய்யச் சொல்வார்கள். போர்ட்ஃபோலியோ பாராட்டுப் பத்திரம் இல்லை, முன்பணம் வாங்குகிற மாதிரி. வாங்கியதற்கு உழைத்துக் கொடுத்தாக வேண்டும்.

ஆனால், எனக்கு அது பெரிய பாடமாகப் படவில்லை. எனக்கே லெட்டரிங் நன்றாக வந்திருந்தால்? மாட்டியிருக்க மாட்டேன். அப்போது நான் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. காரணம், மாஸ்டருக்கு ஃபைல் கிடையாது. அவர் எந்த இன்டர்வியூவுக்கும் போகப் போவதில்லை. அவர் எழுத்து போய்ச் சேர்ந்த ஒரே இன்டர்வியூ என்னுடையது. அங்கே அவர் பேரைச் சொல்ல இருந்த ஒரே வாய் என் வாய். அது "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. இவள் நண்பனுக்காவது சொந்தமாக ஒரு வெப்சைட் இருக்கிறது. சொல்லாமல் விடுவது எல்லோருக்கும் ஒரே அளவு நஷ்டம் இல்லை. சொல்ல இடமில்லாதவனுக்குத்தான் முழு நஷ்டம்.

"சரி, கிளம்பு" என்றேன். ஸ்கூட்டரில் டவுனுக்குப் போனோம். ஒயிட் டவுனில், ஆசிரமத்துக் கட்டடமான கோல்கொண்ட் வாசலில் நிறுத்தினேன். உள்ளே விடமாட்டார்கள், தங்குகிறவர்களின் அமைதிக்காக. வெளியே நின்று பார்க்கலாம். ஜன்னல் கண்ணாடியே இல்லாத கட்டடம். சுவருக்குச் சுவர் பலகைகள், வேண்டியபோது திறந்து மூடுகிற மாதிரி. கடல்காற்று உள்ளே வரும், வெயில் வராது. ஏசி என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல் 1930-களிலேயே நம் ஊர் வெக்கைக்குக் கண்டுபிடித்த பதில். இந்தியாவின் ஆரம்பகால கான்கிரீட் நவீனக் கட்டடங்களில் ஒன்று என்று உலகம் முழுக்கக் கட்டடக்கலை படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாம் பீச்சுக்குப் போகிற வழியில் தாண்டிப் போய்விடுவோம்.

இதைக் கட்டியது யார்? புத்தகத்தில் தேடினால் அன்டோனின் ரேமண்ட் என்று வரும். செக் நாட்டில் பிறந்து, டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்தவர். வடிவமைப்பு அவருடையது. ஆனால், அவர் இங்கே இருந்தது 1938-ல் சில மாதங்கள்தான். அவருக்கு முன்பே 1937-ல் வந்து களத்தில் நின்றவர் ஜார்ஜ் நகஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர். இங்கே வந்தவர் ஆசிரமத்திலேயே சேர்ந்து, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்கு 'சுந்தரானந்தா' என்று பேர் வைத்தார். 1939-ல் அவரும் கிளம்பினார். அதற்குப் பிறகும் நின்று வேலையை நகர்த்தியவர் ஃபிரான்டிஷெக் சாம்மர் என்ற இன்னொரு செக்காரர். கான்கிரீட் கலந்ததும் சுமந்ததும் ஆசிரமவாசிகளும் கூலியாட்களும்.

"இப்ப சொல்லு, கோல்கொண்டை யார் தன் போர்ட்ஃபோலியோல போடலாம்?"

யோசித்தாள். "மூணு பேரும் போடலாம்."

"போடலாம். 'வரைந்தது நான்'னு ரேமண்ட் போட்டா நிஜம். 'களத்துல நின்னது நான்'னு நகஷிமா போட்டா நிஜம். 'அதுக்கப்புறமும் வேலையை நகர்த்தினது நான்'னு சாம்மர் போட்டாலும் நிஜம். 'கோல்கொண்ட் — நான்'னு யாராவது ஒருத்தர் ஒத்தை வரியில போட்டுட்டா?"

"மத்தவங்க ரெண்டு பேரும் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

அதுதான் சமாசாரம். நாம் சொல்லாமல் விடுவது நம் பக்கத்தில் வெறும் காலி இடம்போலத்தான் தெரியும். அடுத்தவன் தன் பங்கைச் சொல்ல வரும்போது, அவன் பொய்யன் மாதிரி நிற்பான்.

நகஷிமா கதையில் மிச்சம் ஒன்று உண்டு. அமெரிக்கா திரும்பியவரை, இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல், ஜப்பானிய ரத்தம் என்பதற்காகக் குடும்பத்தோடு ஐடஹோ மாநில முகாமில் அடைத்தார்கள். அங்கே கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் மரவேலை கற்றார். 1943-ல் அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவர உதவியது அதே ரேமண்ட். பிறகு உலகம் மதிக்கிற மரச்சாமான் கலைஞர் ஆனார் நகஷிமா. அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் முகாமில் இருந்த அந்தத் தச்சரையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அதனால் நகஷிமாவின் உயரம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

"அவங்கல்லாம் பெரிய ஆளுங்க அங்கிள்" என்றாள், விடாமல். "கோல்கொண்ட்ல பாதின்னாலும் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க. நான் மரம் வரைஞ்சேன்னா?"

"அந்த மரத்தை எப்படி வரைஞ்சே, சொல்லு."

சொன்னாள். நாலு நாள் விடிகாலையில் பாரதி பூங்காவுக்குப் போய் உட்கார்ந்து வரைந்தாளாம். முதலில் இலை இலையாக வரைந்தாளாம். வரைபடத்தை அச்சடிக்கிற அளவுக்குச் சுருக்கினால் எல்லா மரமும் பச்சைக் கறையாகிவிட்டதாம். அப்புறம் ஒவ்வொரு மரத்திலும் எதை விட்டால் மரம் செத்துப்போகும், எதை விட்டாலும் மரமாகவே நிற்கும் என்று பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் ஒரு மரத்துக்கு ஆறேழு கோடுகளில் நிறுத்தினாளாம். சொல்லச் சொல்ல முகம் மாறிவிட்டது.

"இதை ஏன்மா எழுதலை?"

"இதையெல்லாமா எழுதுவாங்க?"

இதைத்தான் எழுத வேண்டும்! 'கருத்தும் வடிவமைப்பும் நான்' என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆறேழு கோட்டு மரத்தின் கதையை உலகத்தில் இவள் ஒருத்திதான் எழுத முடியும். உண்மையைச் சொன்னால் நம் பங்கு சின்னதாகிவிடும் என்று பயப்படுகிறோம். சின்னதாகத்தான் ஆகும். ஆனால், அந்தச் சின்ன இடத்தில் நம் முகம் தெரியும். பெரிய பொய்யில் யார் முகமும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து 'நன்னூலை' எடுத்தேன். "இலக்கணமா?" என்று அலறினாள். போர்ட்ஃபோலியோ போடுகிறவர்களுக்கு நம் ஊரில் 13-ம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் எழுதிவைத்துவிட்டார், அது தெரியாமல் இன்டர்நெட்டில் தேடுகிறோம்.

தற்புகழ்ச்சி தப்பு என்றுதானே சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்க்கிறார்கள்? பவணந்தி ஒரு பட்டியலே தருகிறார், எங்கெங்கே தன்னைத் தானே புகழலாம் என்று. அரசனின் சபைக்கு ஓலை எழுதும்போது. தன் திறமை தெரியாதவர்கள் நடுவில். சபையில் வாதிட்டு ஜெயிக்க வேண்டிய நேரத்தில். எதிராளி தன்னைப் பழிக்கும்போது. வேலைக்கு மனுப் போடுவது முதல் இரண்டிலும் அடங்கிவிடுகிறது. ஆகவே தாராளமாகப் பெருமை பேசலாம், இலக்கணமே அனுமதிக்கிறது. இதை முக்கியமாகப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். தனியாக ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்ததைக்கூட 'நாங்க பண்ணோம்' என்று சொல்கிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் பொய்தான். அடக்கம் மாதிரி வேஷம் போட்ட பொய்.

அதே பவணந்தி இன்னொன்றும் சொல்கிறார். ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதினால் அதில் எட்டு விஷயம் இருக்க வேண்டும். செய்தவர் பேர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பேர், கட்டிய விதம், சொல்லும் பொருள், கேட்கிறவர் யார், என்ன பயன். நானும் அவளும் பேப்பரில் வரிசையாக எழுதி, வரைபடத்துக்கு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம்.

செய்தவர் பேர்: மூன்று பேர், யார் எதைச் செய்தார்கள் என்பதோடு. கேட்கிறவர் யார்: ஊருக்குப் புதிதாக வந்து, கையில் காபியோடு வழி தேடுகிறவர். பயன்: கடைக்காரர் அதை மேஜை விரிப்பாக அச்சடித்தார். கட்டிய விதம்: மேலே சொன்ன மரக்கதை, கழித்துப்போட்ட ஸ்கெட்ச்களோடு. எல்லை என்று நன்னூல் சொல்வது, அந்த நூல் வழங்குகிற நிலப்பரப்பை. நமக்கு அது, இந்த டிசைன் நிஜமாகவே எங்காவது புழங்கியதா என்பது. அவளுடைய 23-ல் ஒன்று, பெரிய வங்கி ஒன்றின் ஆப்பை இவளாகவே மாற்றி வரைந்தது. வங்கி கேட்கவில்லை. ஆனால், பார்த்தால் வங்கிக்கே செய்ததுபோல இருந்தது. 'பயிற்சிக்காகச் செய்தது' என்று இரண்டு வார்த்தை சேர்த்தோம். வேலையின் அழகு அப்படியே இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டாவது. வழி. செய்தவர் பேருக்கு அடுத்தபடியே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். யார் செய்த ஃபான்ட், யார் எடுத்த போட்டோ, எந்தப் பழைய சினிமா போஸ்டரைப் பார்த்து இந்த நிறம் தோன்றியது. இப்போது கேட்டதும் மெஷினே படம் போட்டுக் கொடுக்கிறது. அதுவும் வழிதான். மெஷின் போட்டது எது, நீ தேர்ந்தெடுத்துத் திருத்தியது எது என்று எழுதிவிட்டால் முடிந்தது. வழியே இல்லாமல் வானத்திலிருந்து குதித்த நூல் என்று எந்தப் பாயிரமும் பெருமை பேசியதில்லை.

சட்டமும் இந்த இடத்தில் கொஞ்சம் நியாயமாகத்தான் இருக்கிறது. 1957-ம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, கம்பெனி வேலையாக நாம் செய்வது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொதுவாக முதலாளிக்குத்தான் சொந்தம். அதனால் வாடிக்கையாளர் வேலையைப் பொதுவில் போடும் முன் கேட்டுவிடுவது நல்லது. ஆனால், அதே சட்டத்தின் 57-வது பிரிவு, உரிமையை விற்றுவிட்டாலும் 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்கிற உரிமை படைத்தவனுக்கே இருக்கும் என்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பிடுங்கிக் கிடங்கில் போட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவு போட்டது. சொத்து வேறு, பேர் வேறு. சொத்தை விற்கலாம். பேரை விற்க முடியாது, அடுத்தவன் எடுக்கவும் முடியாது.

ஒரு வாரம் கழித்து வந்தாள். 23 வேலைகள் 7 ஆகிவிட்டன. "மத்ததுல சொல்றதுக்குக் கதையே இல்ல அங்கிள். எண்ணிக்கைக்காகப் போட்டிருந்தேன்." போனில் சட்டென்று திறக்கிற மாதிரி படங்களையும் சின்னதாக்கியிருந்தாள். வரைபடத்தின் கீழே மூன்று பேர். நண்பனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டு, "உன் பேரைப் போடாதது எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு" என்று அவன் பக்கத்திலும் சேர்த்துவிட்டானாம்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இரண்டு இடத்தில் பதிலே இல்லை. மூன்றாவது இடத்தில் அந்த மரங்களைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்களாம், முடிவு இன்னும் வரவில்லை. உண்மை சொன்னால் உடனே வேலை கிடைக்கும் என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன். கிடைக்கிற வேலையில் நிம்மதியாகத் தூங்கலாம். அதற்கு நான் கேரன்டி. தூங்காமல் ராத்திரி பஸ்ஸில் வந்தவன் சொல்கிறேன்.

"அங்கிள், உங்களுக்கும் ஒரு பக்கம் பண்ணித் தரட்டுமா? பழைய வேலையெல்லாம் ஸ்கேன் பண்ணிடலாம்" என்றாள். பரணிலிருந்து ரெக்சின் ஃபைலை இறக்கினேன். ஜவுளிக்கடை விளம்பரம், ஓரம் மஞ்சளித்துப்போய், அப்படியே இருந்தது. எழுத்து மட்டும் பழசாகவில்லை.

அவள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே கேட்டாள். "எழுத்து... அந்த மாஸ்டர் பேர் என்ன அங்கிள்?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்று வருஷம் பக்கத்து நாற்காலி. அவர் எழுதிய எழுத்தில் என் முதல் சம்பளம். மாஸ்டர், மாஸ்டர் என்றே கூப்பிட்டு, பேரைக் கேட்காமலே இருந்துவிட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. மகன் முத்தியால்பேட்டையில் இருப்பதாகச் சொன்னார்கள். வருகிற ஞாயிறு நடைக்குப் போகவில்லை. அங்கே போய்க் கேட்டுவர வேண்டும். அதுவரை அந்த வரியைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.